கதவைச் சாத்தி எடுத்த படங்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே சுகம். உன் சுகமும் அம்மாவின் இரண்டு முழங்கால்களின் சுகமும் அறிய ஆவல்.

தபால்காரர் கடிதம் கொடுத்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடு. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நீ கேட்பாய். இங்கே வேலைக்குள் நுழையும்போதே போனை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். ஒன்பது மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து போனை எடுக்கவே கை வருவதில்லை. இன்னொரு திரையா என்று குமட்டுகிறது. அறைக்கு வந்து பேனாவைப் பிடித்தால்தான் கொஞ்சம் மனுஷனாகிறேன். அதனால் இனி இப்படித்தான். நீயும் எழுது.

வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உன்னிடம் மட்டும் மேலோட்டமாகச் சொல்கிறேன். போன் செய்கிற கம்பெனி, போனுக்குள்ளேயே ஒரு தேடும் கருவியை வைத்துத்தான் விற்கிறது. நீ யாருக்கும் அனுப்பாத படமாக இருந்தாலும், உன் போனிலேயே தூங்கிக்கொண்டிருந்தாலும், அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். குழந்தைகளிடம் அத்துமீறுகிற படுபாவிகளைப் பிடிப்பதற்காக. கருவிக்குச் சந்தேகம் வந்த படங்கள் எங்கள் மாடிக்கு வரும். நாங்கள் பார்த்து 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும்.

அம்மாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்றே சொல். பொய்யும் இல்லை.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு இரண்டு பேரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம், அதில் ஒருத்தி சத்தம் போட்டே வேண்டுகிறாள். உன் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மோசமாகியிருக்கிறது. எழுதி எழுதிச் சரி செய்.

கம்ப்யூட்டர் வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் கம்ப்யூட்டரப் பாக்குறானா, கம்ப்யூட்டர் அவனப் பாக்குதா?" என்று கேட்டாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

எனக்குப் பட்டறையில் மூச்சுவிட நேரம் இல்லை. இந்த மாதம் மட்டும் பதினோரு செயற்கைக் கால்கள், நான்கு கைகள். அதில் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பெண். லாரி ஏறி, வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. வெட்டியது போக எஞ்சியிருப்பதை நாங்கள் மிச்சக்கால் என்போம். அது போய் உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட். அது ஒரு நூல் இறுகினாலும் புண், ஒரு நூல் தளர்ந்தாலும் விழுந்துவிடுவாள். வளர்கிற பிள்ளை என்பதால் நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை புதிதாகச் செய்தாக வேண்டும். மேசையில் ஏறிப் படுத்ததும், "இங்க தேய்க்கணும். அங்க இல்ல, இங்க. நேத்து சொன்னேன்ல?" என்று என்னையே அதட்டுவாள். பட்டறையில் எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறோம். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

பட்டறையின் கேமரா செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. புதிது வாங்குவார்கள் வாங்குவார்கள் என்று காத்திருந்து, இப்போதைக்கு என் போன்தான் கேமரா. தோல் எங்கே சிவக்கிறது என்று வாராவாரம் பார்க்கவில்லை என்றால் சாக்கெட்டைச் சீவ முடியாது.

ஆனால் நீ எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. என் பையில் இருக்கிற போனை யாரைக் கேட்டு இன்னொருவன் திறக்கிறான்? நான் விலை கொடுத்து வாங்கியது இல்லையா? இதற்கு ஒரு பதில் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம்தான். வயிறுதான் சுகமில்லை. நீயும் அம்மாவும் நலமா?

உன் கேள்விக்குப் பதில், மடியில் கனம் இல்லை என்றால் வழியில் பயம் எதற்கு? உன் போனில் என்ன இருக்கப்போகிறது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற நாற்பது படங்கள். தேடிவிட்டுப் போகட்டும். இங்கே என்னென்ன வருகிறது என்று தெரிந்தால் நீயே உன் போனை நீட்டுவாய். எழுத மாட்டேன். காகிதம் நாறிப்போகும். முதல் வாரம் மூன்று நாள் சாப்பாட்டைத் தட்டோடு திருப்பி வைத்தேன். சோப்பு போட்டுக் கண்ணைக் கழுவ முடியுமா என்று யோசித்திருக்கிறேன்.

இப்போது பரவாயில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர், காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார், அவர் பெயரே பஞ்சு ஆகிவிட்டது. மூன்று வருடமாக இங்கே இருக்கிறார். அவர்தான் வழி சொல்லிக்கொடுத்தார். "தம்பி, நடுவுல பாக்காத. பாத்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவ. படத்த சின்னதாக்கு, கலர எடுத்துடு, ஓரத்த மட்டும் பாரு. ஓரமே சொல்லிடும்." நிஜம்தான். தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, மூலையைப் பார்த்தால் போதும். ஒரு படத்துக்கு எட்டு விநாடிதான் கொடுக்கிறார்கள். மாடியில் பாதிப்பேர் இப்படித்தான் பார்க்கிறோம். இல்லை என்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று ஒன்றைப் பிடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். மேசைமேல் ஒரு பிள்ளை. ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், அதைப் பிடித்திருக்கிற ஒரு பெண்ணின் கட்டைவிரல். அடிப்பதற்கு ஸ்கேலோடு நிற்கிறாள், சண்டாளி. பெண்ணாய்ப் பிறந்தவள் செய்கிற வேலையா? நடுவில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'ஆமாம்' என்று அழுத்தினேன். மேலே போய், காவல் துறைக்குப் போய், ஆள் பிடிபட மூன்று நான்கு வாரம் ஆகுமாம். ஆனால் பிடிபடுவாள். இங்கே வந்ததில் இருந்து நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் அக்கா.

அம்மாவின் முழங்கால் எண்ணெய் தீர்ந்திருந்தால் எழுது.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் வயிறும் நலமாகியிருக்கும் என்று நம்புகிறேன். மோராவது குடி.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கட்டைவிரலை நறுக்கிப் போட வேண்டும். ஒரு பிள்ளை நம்மை நம்பி மேசையில் ஏறிப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையில் ஸ்கேலை எடுக்கிறவளும் இருக்கிறாளே! நல்லா இருக்கமாட்டாள் அவள்.

ஓரத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் தோன்றியது. என்னை ஓரத்தைப் பார்த்துக் கால் செய்யச் சொன்னால் யாரும் நடக்கமாட்டார்கள். ஆனால் நீ அங்கே இருக்கிறாய், உனக்குத் தெரியும். இப்படிப்பட்டவளைப் பிடிப்பதற்குத்தான் என்றால் என் போனையும் தேடிக்கொள்ளட்டும், போ. நான் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மேஸ்திரி போன வாரம் சுவரைப் பிடிக்காமல் பதினாறு அடி நடந்தாள். பதினேழாவது அடியில் உட்கார்ந்துகொண்டு, "சாக்கெட்டு சரியில்ல, நான் சரியாத்தான் நடந்தேன்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். உள்பக்கம் கொஞ்சம் இறுக்கம். புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன்.

சாப்பிடு. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 12

தம்பிக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ நலமாக இரு.

வியாழக்கிழமை காலையில் போனை எடுத்தேன். திறக்கவில்லை. 'இந்தக் கருவியில் குழந்தைகளுக்கு எதிரான படங்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன' என்று மட்டும் வந்தது. ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பதினோரு மணிக்குக் காவல் துறையில் இருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சாக்கெட்டுக்கு பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன். கை கழுவக்கூட விடவில்லை. வெள்ளைக் கையோடு எல்லார் எதிரிலும் நடந்து போனேன்.

மேஸ்திரியின் படங்கள். நாலு பக்கமும் நாலு படம். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கதவைச் சாத்திவிட்டு எடுத்தவை. தொடையின் மேற்பகுதி வரை தெரிந்தால்தான் சாக்கெட்டின் விளிம்பு எங்கே அழுத்துகிறது என்று பார்க்க முடியும். சிவப்பு எத்தனை அங்குலம் என்று தெரிவதற்காக ஸ்கேலை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு எடுப்பேன். யாருக்கும் அனுப்பியது இல்லை. கம்ப்யூட்டரில்கூட ஏற்றியது இல்லை. சாக்கெட் முடிந்ததும் அழித்துவிடுவேன். இந்த முறை வேலை முடியவில்லை என்று வைத்திருந்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

விசாரணை அறையில் அந்தப் படங்களை மேசைமேல் பரப்பி வைத்து, "இது என்ன, இது எதுக்கு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தைப் பார்த்தேன். என் வேலையைப் பார்க்கிற முகம் இல்லை அது. செருப்பில் மிதிபட்டதைப் பார்க்கிற முகம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன்.

கட்டிலுக்கு அடியில் ஒருவன் மாதக்கணக்கில் படுத்திருந்தது இப்போதுதான் தெரிந்ததுபோல் இருக்கிறது. என் போன் அது. என் இடுப்பில் தொங்கிக்கொண்டு, என் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, என்னையே காட்டிக் கொடுத்திருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அது இதுதான்.

"நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லல. விசாரணை முடியட்டும், அதுவரைக்கும் ஸ்டோர்ல இருங்க" என்றார் மேலாளர். இப்போது திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். குற்றம் உறுதியானால் இனி எந்தப் பிள்ளையின் காலையும் தொட முடியாது. ஜெயிலும் இருக்கிறதாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ அந்த இடத்தில் வேலை செய்கிறவன். யாரிடம் பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். ஒரு வாரமாக மழை வேறு. துணி காயவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பிக் கொடு. பொறுமையாக இரு. இதெல்லாம் வேறு பிரிவு, எனக்கு அங்கே ஆள் தெரியாது. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். உண்மை ஒருநாள் வெளியே வரும். அம்மாவுக்கு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஏறி இறங்க விடாதே.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

அம்மா நலம். முழங்கால்களும் நலம். இரண்டு தடவை அதைக் கேட்டிருக்கிறாய். என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

படிவத்தைப் போன மாதமே கொடுத்தாயிற்று. எட்டே நாளில் பதில் வந்தது. 'மறுபரிசீலனையில் மாற்றம் இல்லை.' விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனுஷன். என் பட்டறைச் சான்றிதழையும் டாக்டர் கடிதத்தையும் புரட்டிப் பார்த்தார். "மேடம், மெஷின் மட்டும் சொல்லியிருந்தா தப்பா இருக்கலாம்னு நானே எழுதிடுவேன். ஒரு மனுஷன் கண்ணால பாத்து ஆமான்னு அழுத்தியிருக்கான். பயிற்சி எடுத்த ஆளு. அத மீறி நான் எப்படி எழுதறது?" என்றார். எந்த மனுஷன் என்று கேட்டேன். கம்பெனி சொல்லாதாம். அவனுக்கு மட்டும் மறைப்பு உண்டு. எங்களுக்குத்தான் இல்லை.

மேஸ்திரியின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன். நேராக வந்தாள். "நீங்க எடுத்ததுல எனக்குக் கோவம் இல்ல. நானும்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஆனா என் பொண்ணு படத்த யார் யார் பாத்தாங்க? எத்தன பேரு? இப்ப அது எங்க இருக்கு? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கதவைச் சாத்தியவள் நான். அதை நம்பித்தான் அவள் பிள்ளையின் துணியை ஒதுக்கினாள்.

வேறு பட்டறைக்குப் போகவும் அவளுக்குப் பயம். பிள்ளை பழைய சாக்கெட்டையே மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது உள்பக்கம் புண். நடப்பதை நிறுத்திவிட்டாள். நொண்டியடித்துத்தான் வீட்டுக்குள் போகிறாளாம்.

மடியில் கனம் இல்லை என்றால் வழியில் பயம் இல்லை என்று எழுதினாய். என் மடியில் என்ன கனம் இருந்தது என்று நீயே சொல்.

அக்கா


மே 4

தம்பிக்கு,

உன் கடிதங்களை எல்லாம் அலமாரியில் கட்டி வைத்திருந்தேன். மனசு சரியில்லாதபோது பழைய கடிதத்தைப் படித்தால் நீ பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்படி எடுத்தேன்.

பிப்ரவரி 9.

மேசைமேல் ஒரு பிள்ளை. ஓரத்தில் ஸ்டீல் ஸ்கேல். ஒரு பெண்ணின் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலை நறுக்கிப் போடச் சொன்னவள் நான்தான். அதையும் நினைத்துச் சிரித்தேன். அம்மா பயந்துவிட்டாள். பிறகு வாந்தி எடுத்தேன்.

உனக்கு எப்போது தெரியும்? என் மார்ச் கடிதத்தைப் படித்ததும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் மழை, துணி, முழங்கால். என் போன்தான் கேமரா என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தேன். என் கடிதத்தையும் நீ ஓரத்தில்தான் படித்தாயா?

உன் பிப்ரவரிக் கடிதத்தை அந்த அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். நடுவில் பார்க்கவில்லை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறினாய் என்று உன்மேல் அவர்கள் பாய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். கொடுக்கட்டுமா?

பதில் எழுது. முழங்காலைப் பற்றி எழுதாதே.

அக்கா


மே 18

அக்கா,

உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நாடகம்போல் இருக்கும். ஆனால் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் கடிதத்தைப் படித்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதற்கு மறுநாள் வேலைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அன்றைக்கும் ஓரத்தைப் பார்த்தே அழுத்தினேன். பஞ்சுவிடம் சொன்னேன். "சொந்தக்காரங்க படம் வந்தா உடனே சொல்லணும்னு விதி இருக்கு. சொல்லாம விட்டது உன் தப்பு. இப்ப சொன்னா ரெண்டு தப்பு" என்று சொல்லிவிட்டுப் பஞ்சைத் திருகி உள்ளே தள்ளிக்கொண்டார். படிவம் கொடு என்று எழுதினேனே, மேல்முறையீடு வந்தால் அதே மாடிக்குத்தான் வரும் என்று தெரிந்தே எழுதினேன். இன்னொருவன் எட்டு விநாடி பார்த்திருப்பான்.

நான் கெட்டவன் இல்லை அக்கா. அருவருப்பில்தான் அப்படிப் பார்க்கப் பழகினேன். பார்க்க முடியாததைப் பார்க்கச் சொன்னால் வேறு என்ன செய்வது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை கடிதத்தைக் கொடுக்காதே. இப்போது கொடுத்தால் வழக்குப் போடுவார்கள், இந்தத் தொழிலில் எங்கேயும் சேர்க்கமாட்டார்கள். மூன்றே மாதம். அதற்குள் நானே மேற்பார்வையாளரிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன். நீ ஸ்டோரில் பத்திரமாகத்தானே இருக்கிறாய். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

அம்மா நலம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அவன் சாப்புடுறானா?" என்று கேட்டாள். அம்மா அம்மாதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே பிப்ரவரிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். புண் மூன்று மாதம் பொறுக்காது. வளர்கிற கால் ஒப்பந்தம் முடியும்வரை வளராமல் இருக்காது. நான் ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதிகாரி மூன்று தடவை படித்தார். "யாரு இது?" என்றார். என் தம்பி என்றேன். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே எழுதினார். பட்டறை டாக்டரைக் கூப்பிட்டு நாலு படங்களையும் காட்டினார். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார், "உள்பக்க விளிம்பு இறுக்கம். இதப் பாத்தா தெரியலயா?" நடுவில் பார்த்தார், அவ்வளவுதான். ஆறாம் நாள் வழக்கை மூடிவிட்டார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். துணியால் பிடித்து வாங்கி, அங்கேயே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தொட முடியவில்லை.

மேஸ்திரியை அழைத்து வந்தாள் அவள் அம்மா. இனிமேல் படம் கிடையாது என்றாள். சரி என்றேன். பென்சிலால் வரைந்துகொள்கிறேன். ஆனால் பிள்ளை மேசையில் ஏறவில்லை. அதிகாரிகள் வீட்டுக்குப் போய் அவளிடமும் ஏதேதோ கேட்டிருக்கிறார்கள். தூக்கி உட்கார வைத்தோம். இரண்டு கையாலும் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "இப்ப யாரு பாக்குறாங்க?" என்று கேட்டாள். என்னை அதட்டுகிற பிள்ளை அது. யாரும் பார்க்கவில்லை என்றேன். நம்பவில்லை. நானும் நம்பிச் சொல்லவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்தால் ஒரு அருவருப்பு வருகிறது. அது போகும்வரை இங்கே வராதே.

ஆனால் அதைவிட ஒன்று என்னை அரிக்கிறது. எனக்கு ஒரு தம்பி மாடியில் இருந்தான். அவன் காகிதத்தில் உளறினான். அதனால் தப்பித்தேன். அன்றைக்கு நீ என்னை மட்டுமா அழுத்தினாய்? மற்றவர்களுக்கு யார் கடிதம் எழுதியிருப்பார்கள்? எத்தனை பேர் என்று எண்ணி எழுது. பிறகு மற்றதைப் பேசலாம்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

உன் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு வரும் என்கிறார்கள், வரட்டும். நீ கொடுத்தது சரிதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

கடைசி நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு என் வேலைக் கணக்கைத் திரையில் காட்டினார். திட்டுவதற்காக இல்லை. "உன் வேகம் நல்லாத்தான் இருந்துது. இப்படிப் பண்ணிட்டியே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பிப்ரவரி 8ஐக் காட்டச் சொன்னேன். அன்றைக்கு மூவாயிரத்து அறுநூற்றுப் பதினொரு படங்கள். எழுபத்து நான்கு பேருக்கு 'ஆமாம்' என்று அழுத்தியிருக்கிறேன். மற்ற நாட்களைக் கேட்பதற்குள் திரையை அணைத்துவிட்டார்.

எழுபத்து நான்கில் நீ ஒருத்தி. மீதி எழுபத்து மூன்று பேரில் நிஜமான சண்டாளர்கள் இருந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. உன்னைப்போல் எத்தனை பேர் என்றும் தெரியாது. ஒரு டாக்டர் இருந்திருக்கலாம். பிள்ளையைக் குளிப்பாட்டிய ஒரு அப்பா இருந்திருக்கலாம். ஏதோ ஓர் ஊரில் ஒருத்தி இன்னும் திருகாணி பிரித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரமாக உட்கார்ந்து, ஒன்றாவது ஞாபகம் வருகிறதா, ஒருவருக்காவது எழுத முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு மேசை விளிம்பு, ஒரு திரைச்சீலை, ஒரு பக்கெட். இவ்வளவுதான் வருகிறது.

படங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பார்த்திருக்க வேண்டும் அக்கா. நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

தம்பி